முதலில் கிடைப்பதே முடிவு

அந்த மருத்துவமனையில் இறப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இறந்ததாக ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம்.

அவன் மனைவி ஒரு திங்கட்கிழமை பிற்பகல் நான்காம் மாடியில், இருபத்திரண்டாம் எண் படுக்கையில் இறந்தாள். சான்றிதழை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். முத்திரைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. அவளுடைய பையை மட்டும் கொடுக்கவில்லை. அது கீழ்த்தளத்தில் உடைமைப் பிரிவுக்குப் போய்விட்டதாம், பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாமாம். மூன்று வாரம் அவன் வீட்டை விட்டு இறங்கவில்லை. நான்காவது வாரம் முகத்தை மழித்துக்கொண்டு, மாமனாரையும் கூட்டிக்கொண்டு பை வாங்கப் போனான்.

பையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணாடி, சீப்பு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு தடித்த நாவல். கடைசி ஒன்றரை மாதம் அவள் அந்த நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நாலு பக்கம், ஐந்து பக்கம். நிறுத்திய இடத்தில் மூலையை மடித்து வைப்பாள். அவள் எந்தப் பக்கம் வரை வந்தாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.  உலகத்தில் வேறு எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை அவனுக்கு அப்போது இல்லை.

உடைமைப் பிரிவு செவ்வாய்க்கிழமை மட்டும் திறந்திருக்கும். மூன்றாம் ஜன்னலில் ஒரு பெண் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு திரை, வந்தவர்களைப் பார்த்தபடி இன்னொரு திரை. வெளிப்படைத்தன்மைக்காக வைத்தது என்று கீழே ஒட்டியிருந்தது. அவன் ஒன்பது இலக்க நோயாளி எண்ணைச் சொன்னான். அவர் அதைத் தட்டிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின.

"தேடுது," என்றார் எழுத்தர். "முதல் நோயாளியில இருந்து ஒவ்வொருத்தரா பார்த்துட்டு வரும். பதினோரு நிமிஷம் ஆகும். நடுவுல கீபோர்டைத் தொட்டா மறுபடியும் முதல்லேர்ந்து போகும். அதனாலதான் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். சும்மா இருக்கேன்னு நினைச்சுக்காதீங்க."

அவன் புரோகிராமர். ஒரு சிறிய கம்பெனியில் இணையப் பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவன். பெயர்கள் ஓடும் விதத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. நோயாளிகள் எல்லோரையும் ஒரே அர்ரேயில், வந்த வரிசைப்படி, ஒருவர் பின்னால் ஒருவராக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும்.

"யாருப்பா இப்படி அடுக்கினது?" என்று மாமனார் தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் தபால் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கடிதங்களைப் பெயர்வாரியாகப் பிரித்து அடுக்கியவர். "வந்த வரிசையில அடுக்கி வச்சிருந்தா நாங்க ஒரு கடிதத்தைக்கூடப் பட்டுவாடா பண்ணியிருக்க முடியாது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு அறை. அறையைப் பார்த்தோமா, எடுத்தோமா, அவ்வளவுதான்."

"அதுக்கு ஆப்ஜெக்ட்டுன்னு பேர், மாமா."

"பேர் என்னவா வேணா இருக்கட்டும். அறை இருக்கணும்."

பதினோராவது நிமிடம் திரை நின்றது. அவள் பெயர். அதன் பக்கத்தில் பச்சை நிறத்தில்: சிகிச்சையில் இருக்கிறார். நிலைமை சீர்.

எழுத்தர் அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "நோயாளி உள்ள இருக்கறப்போ பையை வேற யார்கிட்டயும் தர முடியாதுங்க. அவங்களே வந்து கையெழுத்துப் போடணும்," என்றார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வார்டும்மா?" என்று கேட்டார்.

மகளின் பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். முன்பக்கம், இடது தோள்.

*

சான்றிதழைக் காட்டினான். அதே மருத்துவமனை கொடுத்தது, அதே முத்திரை. எழுத்தர் அதை மரியாதையாக வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, கணினியில் ஏற்றினார். வரிசையின் கடைசியில் ஒரு புதிய பதிவு போய் நின்றது: மறைவு.

"சேர்த்தாச்சு," என்றார். பிறகு எதையோ பார்த்துவிட்டு, "ஏற்கெனவே மாடியிலேர்ந்து ஒரு தடவை போட்டிருக்காங்க. பிணவறையிலேர்ந்து ஒரு தடவை. இப்ப நான் ஒண்ணு. மூணு தடவை இறந்திருக்காங்க சார்," என்றார்.

"அப்போ பையைக் கொடுங்க."

"ஆனா முதல்ல உயிரோட இருக்காங்களே."

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதியைக் காட்டினார். விதி ஏழு: தேடல் முதல் பதிவிலிருந்தே தொடங்கும். முதலில் கிடைப்பதே முடிவு.

"அந்த முதல் பதிவை அழிச்சுடுங்களேன்."

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவை ஒண்ணை அழிச்சோம் சார். பின்னாடி நின்னவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு இடம் முன்னால நகர்ந்துட்டாங்க. கால் கட்டுப் பிரிக்க வந்தவருக்குப் பல்லைப் பிடுங்கிட்டாங்க. பல்லுக்கு வந்தவரு பிரசவ வார்டுல ரெண்டு நாள் இருந்தாரு. நல்லா கவனிச்சுக்கிட்டாங்கன்னு கடிதம்கூடப் போட்டிருந்தாரு. அதுலேர்ந்து அழிக்கறதுக்குத் தடை."

வரிசையின் தலையில், கணினி எண்ணத் தொடங்கும் பூஜ்யமாம் இடத்தில், ஒரு நோயாளி உண்டு. பெயர்: சோதனை. வயது: சோதனை. மென்பொருளைச் சரிபார்க்கப் பதினோரு வருடங்களுக்கு முன்பு யாரோ தட்டிப் போட்டது. அழிக்க முடியாததால் அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு வருகிறது. காவலாளி சாப்பிடுகிறார். கொஞ்சம் பருத்துவிட்டார். சோதனையின் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதியதிலிருந்து காவலாளிக்கு மருத்துவர்மேல் கோபம்.

உயிருடன் இருப்பதால் அவன் மனைவிக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. முதலில், மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு மூன்று முறை வராததற்கு வருத்தம் தெரிவித்து ஒன்று. அடுத்து, உணவு பற்றிய கருத்துக் கேட்டு ஒன்று. மூன்றாவது அவன் பெயருக்கே வந்தது. நோயாளி அனுமதியின்றிப் படுக்கையை விட்டு வெளியேறியிருப்பதாகத் தெரிகிறது. ஏழு நாட்களுக்குள் அவரைத் திரும்ப ஒப்படைக்கவும். தவறினால் பாதுகாவலர் என்ற முறையில் தாங்களே பொறுப்பு.

அவன் அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்படைக்க அவனுக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

*

சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவன் தனியாகப் போனான். எழுத்தர் அவனைப் பார்த்ததும் எண்ணைக் கேட்கவில்லை.

"உங்க மாமனார் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாரு," என்றார்.

"பை கேட்டா?"

"பையைப் பத்திப் பேசவே இல்ல. போன வாரம் வியாழக்கிழமையும் வந்து பூட்டின கதவுகிட்ட நின்னுட்டுப் போனாராம், காவலாளி சொன்னாரு. செவ்வாய் தவறாம வந்து எண்ணைக் கொடுப்பாரு. பெயர் ஓடறதையே பார்த்துட்டு நிப்பாரு. மகள் பெயர் வந்து நின்னதும், 'படிங்கம்மா'ன்னு சொல்வாரு. நான் படிப்பேன். 'சரிம்மா'ன்னுட்டுக் கிளம்பிடுவாரு." எழுத்தர் கொஞ்சம் தயங்கினார். "நான் படிச்சிருக்கக் கூடாதோ சார்?"

அவன் அங்கிருந்து நேரே நான்காம் மாடிக்குப் போனான். ஏன் போனான் என்று தெரியாது. இருபத்திரண்டாம் எண் படுக்கை காலியாக இருந்தது. விரிப்பு மாற்றி, தலையணை நிமிர்த்தி, தலைமாட்டில் அவள் பெயர் அட்டை. அதற்கு நேர் வெளியே, நடைபாதையில், சக்கரக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

"அஞ்சு நாளா இங்கதான் இருக்கேன்," என்றாள் அவனிடம், அவனை யாரோ அதிகாரி என்று நினைத்து. "உள்ள ஒரு படுக்கை காலியாத்தானே இருக்கு. கேட்டா, அதுல ஆள் இருக்குன்னு சொல்றாங்க."

அவன் எழுத்தரிடம் திரும்பி வந்து, இதை மாற்ற யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

*

தகவல் ஒழுங்குக் குழு மாதம் ஒருமுறை கூடும். குளிர்ந்த அறை, நீள மேசை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். தலைவர் நடுவில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஆலோசகர். அர்ரேயா ஆப்ஜெக்ட்டா என்று ஆறு வருடமாக ஆலோசனை சொல்லி வருகிறவர். இரண்டிலும் நன்மை இருக்கிறது என்பது அவருடைய ஆலோசனை.

அவன் மூன்று வாக்கியத்தில் சொன்னான். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி எண் இருக்கிறது. அந்த எண்ணின் பெயரில் ஓர் அறை வைத்தால், அதில் ஒரே ஒரு நிலைமைதான் இருக்க முடியும். புதியது வந்தால் பழையது தானாகப் போய்விடும்.

"பழையது போயிடும்," என்று தலைவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், யாரோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல. "எங்க போகும்?"

"போயிடும். அவ்வளவுதான்."

தலைவர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

"பாருங்க தம்பி. வரிசைங்கறது தொழில்நுட்பம் இல்ல. ஒழுக்கம். முதல்ல வந்தவங்களுக்கு முதல் மரியாதை. உங்க மனைவி முதல்ல உயிரோட வந்தாங்க. அப்புறம்தான் இறந்தாங்க. பின்னால வந்த ஒரு தகவல், முன்னால வந்ததை இடிச்சுத் தள்ளிட்டு உட்காரலாமா? இப்படியே விட்டா நாளைக்கு என் நாற்காலியிலயும் யாராவது உட்காருவான்."

"அவங்க இறந்துட்டாங்க சார்."

"அதை நாங்க மறுக்கலையே. மூணு தடவை பதிவு பண்ணியிருக்கோம்." கோப்பைப் புரட்டினார். "இந்த ஆஸ்பத்திரியோட இறப்பு விகிதம் என்ன தெரியுமா? பூஜ்யம். பதினோரு வருஷமா பூஜ்யம். மூணு கேடயம் வாங்கியிருக்கோம். வெளிநாட்டுலேர்ந்து குழு குழுவா வந்து பார்த்துட்டுப் போறாங்க. நீங்க சொல்ற மாதிரி மாத்தினா என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரே பிற்பகல்ல ஒன்பதாயிரம் பேர் இறப்பாங்க. அந்தப் பொறுப்பை நீங்க ஏத்துக்கறீங்களா?"

"அவங்க ஏற்கெனவே..."

"உங்க ஒருத்தரோட பைக்காக ஒன்பதாயிரம் உயிர், தம்பி."

ஆலோசகர் குனிந்து, இதை இரண்டு விதமாகவும் பார்க்கலாம் என்றார்.

வாக்கெடுப்பு நடந்தது. குழுவின் வாக்கெடுப்பும் விதி ஏழின்படிதான். தலைவர் முதலில் வாக்களிப்பார். மற்ற எட்டுப் பேரும் வாக்களிப்பார்கள், அவை பதிவாகும், யாரும் அவ்வளவு தூரம் படிக்க மாட்டார்கள். ஆப்ஜெக்ட்டுக்கு ஆதரவாக எட்டு, எதிராக ஒன்று. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

வெளியே வரும்போது தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "இறந்தவங்களை உயிரோட வச்சிருக்கற ஒரே ஆஸ்பத்திரி இதுதான். நீங்க நன்றி சொல்லணும்."

அன்று ராத்திரி தூக்கம் வராமல், சொல்லியிருக்கலாமோ என்று யோசித்தான்.

*

மனம் மாறுவதற்கு மனிதர்களுக்குப் பெரிய காரணங்கள் தேவைப்படுவதில்லை. மருத்துவமனை வாசலில் தானியங்கிக் கதவு வைத்தார்கள். ஊழியர் பதிவேட்டைப் பார்த்துத் தானே திறந்துகொள்ளும். ஊழியர் பதிவேடும் அதே அர்ரேதான். தலைவரின் கார் வந்து நின்றது. கதவு வரிசையின் தலையிலிருந்து தேடிக்கொண்டு போனது. முதலில் கிடைத்தது பதினோரு வருடத்துக்கு முந்தைய பதிவு: தற்காலிக உதவியாளர். வாகனம்: சைக்கிள். பின்வாசல் மட்டும்.

மூன்று நாள் தலைவர் பின்வாசல் வழியாக நடந்து வந்தார். சமையலறைக் கழிவு போகும் வழி அது. நான்காம் நாள் சைக்கிளில் வந்தார், அப்போதும் காவலாளி இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். ஐந்தாம் நாள் அவசரக் கூட்டம்.

"வரிசை வரிசைன்னு பழமையில ஊறிப்போய்க் கிடக்கக் கூடாது," என்று தலைவர் பேசினார். கால்சட்டையின் ஓரத்தில் சங்கிலி எண்ணெய்க் கறை இருந்தது. "நேற்று இருந்தவன் வேற, இன்னைக்கு இருக்கறவன் வேற. ஒரு மனுஷனோட இன்றைய நிலைமைதான் அவனோட நிலைமை. இதைத்தான் நான் ஆரம்பத்திலேர்ந்து சொல்லிட்டு வர்றேன்."

ஒன்பதுக்கு ஒன்பது. ஆலோசகர் இது இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்ளக்கூடிய முடிவு என்றார்.

வெளியாளை வைத்து எழுதுவதென்றால் இரண்டு வருடம் ஆகும். அதனால் 'பாதிக்கப்பட்டோர் பங்களிப்புத் திட்டம்' என்று ஒன்றை அன்றைக்கே உருவாக்கி, அவனையே எழுதச் சொன்னார்கள்.

எழுதுவது பெரிய வேலை இல்லை. பதினான்கு வரி. ஒரு புதன்கிழமை உடைமைப் பிரிவில், எழுத்தரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினான். பழைய வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொரு பதிவாக எடுத்து, அந்தந்த எண்ணின் அறையில் போட வேண்டும். ஒரே எண் மறுபடி வந்தால் புதியது பழையதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அவளுடைய அறையிலும் முதலில் 'சிகிச்சையில் இருக்கிறார்' போய் விழும். பிறகு, வரிசையின் கடைசிப் பகுதியில், 'மறைவு'. நடுவில் ஆயிரத்தில் சில பங்கு வினாடி.

அவளுடைய எண் வரும் இடத்தில் நிரல் நிற்கும்படி ஒரு புள்ளி வைத்தான். சரிபார்ப்பதற்காக என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

ஓடவிட்டான். நின்றது. நாற்பதாயிரம் அறைகளுக்கு நடுவே அவளுக்கென்று ஓர் அறை அப்போதுதான் திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி. நிலைமை சீர். அதன்மேல் வேறெந்தப் பதிவும் இன்னும் வரவில்லை. அவனாக விரலை எடுத்து அடுத்த விசையில் வைக்காதவரை வரப்போவதுமில்லை.

எழுத்தர் தேநீரோடு வந்தார். "என்ன சார், நின்னுடுச்சா?"

"இல்ல. நான் நிறுத்தி வச்சிருக்கேன்."

அவர் திரையைப் பார்த்தார். பெயரைப் படித்தார். தேநீரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அலமாரியில் எதையோ தேடுவதுபோலத் திரும்பி நின்றுகொண்டார். அந்த அலமாரியில் அவர் தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

தேநீர் ஆறி மேலே ஆடை படிந்தது. நான்காம் மாடி நடைபாதையில் அந்தப் பெண் இன்னும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்.

மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவன் விசையை அழுத்தினான்.

மருத்துவமனையில் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர் இறந்தார்கள். தலைவர் ஓர் இரங்கல் செய்தி வெளியிட்டார். பிறகு முன்வாசல் வழியாகக் காரில் வீட்டுக்குப் போனார்.

எழுத்தர் எண்ணைத் தட்டிப் பார்த்து, தலையசைத்து, உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார். அவன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நாவலை எடுத்தான். மூலை இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் மடிந்திருந்தது. இன்னும் நூற்று எண்பது பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒருவர் மற்றவருக்குக் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். வேறு ஒன்றுமில்லை. அவன் அதை இரண்டு முறை படித்தான்.

மாமனாரிடம் அன்று மாலையே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். போனை எடுப்பான், வைப்பான். ஆறு நாள் அப்படியே போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை உடைமைப் பிரிவு திறப்பதற்கு முன்பே போய் நின்றான். மாமனார் அவனுக்கும் முன்னால் வந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ஜன்னல் திறந்தது.

"மாமா, ஒரு நிமிஷம்..."

"இருப்பா. கேட்டுட்டு வந்துடறேன்."

எண்ணைச் சொன்னார். எழுத்தர் அவனைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் தட்டினார். கடைசி இலக்கத்திலிருந்து விரல் எழுவதற்குள் திரையில் அவள் பெயர் நின்றது. பக்கத்தில் ஒரே சொல். எழுத்தர் அதைப் படிக்கவில்லை. மாமனாருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர், "இவ்வளவு சீக்கிரமா?" என்றார்.

எழுத்தர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரியாப் பார்த்திருக்காதும்மா. முன்னயெல்லாம் எவ்வளவு நேரம் தேடும்." குரலில் கோபம் இல்லை. சக ஊழியரிடம் பேசுவதுபோலப் பேசினார். "பழைய மாதிரி முதல்லேர்ந்து ஒரு தடவை தேடச் சொல்லுங்களேன். நான் நிக்கறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"இப்ப அது தேடறதில்ல மாமா," என்றான். "நேரா அவளோட அறைக்குப் போயிடும்."

"அறை வச்சுட்டாங்களா?"

"வச்சாச்சு."

"யாரு வச்சது?"

மாமனார் அவன் முகத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருடம் கடிதம் பிரித்தவருக்கு ஓர் அறையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நல்லா வேலை பண்ணியிருக்கேப்பா," என்றார்.

ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்து, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.